இருபத்தெட்டால் பெருக்கிய ஏப்பம்

என் செல்ல மகளுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதுவது. நான் நலம். நாலாம் கொட்டகையில் நேற்றுக் கன்று போட்டவளும் நலம். சித்தி வீட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கோபித்துக்கொண்டு போய் இன்றோடு ஆறு நாள். தப்பு என்னுடையதுதான். சாப்பாட்டு டப்பாவைப் பண்ணை ஆபீசில் உன் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் கொட்டகைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் உன் மேனேஜர், "நானூறு மாட்டுல நாற்பதை வித்தாச்சு. அப்புறமும் ஏப்பத்து மீத்தேன் கணக்கு ஆயிரம் டன்லேருந்து ஆயிரத்தெட்டா ஏறியிருக்கே, எப்படிம்மா?" என்று கத்த, நீ தலைகுனிந்து நிற்க, பெற்றவன் வாய் சும்மா இருக்குமா? எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்ன எண் ஒன்றைக்கூட மறந்ததில்லை. ஒரு கிலோ மீத்தேன் எத்தனை கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூடேற்றும்? நீ படித்தபோது இருபத்தொன்று, வேலையில் சேர்ந்த வருஷம் இருபத்தைந்து, இந்த வருஷம் தலைமை அலுவலகம் மாற்றச் சொன்னது இருபத்தெட்டு. "ஐயா, மாடு ஒண்ணும் கூடுதலா ஏப்பம் விடலை. பழைய வருஷத்தை இருபத்தஞ்சால பெருக்கி, புதுசை இருபத்தெட்டால பெருக்கினா ஏறத்தானே செய்யும்? பழைய நாப்பது டன் மீத்தேனையும் இருபத்தெட்டால பெருக்குங்க, ஆயிரத்து நூத்திருபது வரும். அப்போ பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு" என்று, வைக்கோல் ஒட்டிய சட்டையோடு சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு! அந்த ஆளோ, "இனிமே அப்பா இங்க உட்காரட்டும், நீ போய் மாட்டைக் குளிப்பாட்டும்மா" என்றார். ஆபீசே சிரித்தது. வாசலில் நீ, "ஏம்ப்பா, என்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாய்.

ஆகையால் மகளே, இனி உன் கணக்கில் மூக்கை நுழைக்க மாட்டேன். எண் என்று வந்தால் என் வாய்க்குப் பூட்டு. தையல்காரர், "இதையும் எழுதணுமா? நம்புற மாதிரி இல்லையே" என்கிறார். எழுதுய்யா என்று சொல்லிவிட்டேன். தினமும் இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். வந்துவிடும்மா.

சித்தியைக் கேட்டதாகச் சொல். மேனேஜர் குரல் இறங்கி, உன் தலைவலி தீர்ந்து, நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
வாய் அடங்கிய அப்பா

பி.கு.: நீ விட்டுப்போன அறிக்கையைத் தையல்காரர் சும்மா படித்துக் காட்டினார். சாணக் குழி மீத்தேன் கணக்கு இருக்கும் பக்கத்தில் இன்னும் இருபத்தைந்தேதான் இருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாமே, அதற்குள் மாற்றிவிடு. தையல்காரரையும் அவர் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.