குசினிக்கு வந்த செம்புக் கம்பி

சிரிக்க வைக்கிறேன், சத்தியமாக. ஆனால் இப்போது இல்லை. சிரிப்பு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்வாசல் வழியாகத்தான் வரும். அதுவரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு வில்பிரட்டைப் பாருங்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். கன்டெய்னரையே தீப்பெட்டி மாதிரித் தூக்குகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதிள் சீவுவார். காரணம் இன்டர்நெட். போனில் ஃபுட்பால் போட்டால், பந்து கோலுக்குப் போகிற வழியிலேயே நிற்கும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும்.

"சுத்துறதையா பாக்கீய? அந்த நேரத்துக்கு மீன ஆயலாம்லா" என்பாள் மனைவி பிலோமி.

இந்த லட்சணத்தில்தான் டெலிபோன் கம்பெனி ஒரு சேதி சொன்னது. ரோட்டைத் தோண்ட வேண்டாம். தெருவில் ஒரு புதுப் பெட்டி, வீட்டில் ஒரு புதுப் பெட்டி; பழைய செம்புக் கம்பியிலேயே நெட் பறக்கும்.

பழைய கம்பியில் எப்படிப் புது வேகம்? வில்பிரட்டுக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்டமர் கேருக்கு அடித்தார். 'காத்திருந்தமைக்கு நன்றி சார்' என்று தேன் வடிந்த குரல், பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலைப் பெட்டி அடக்கிவிடும் சார் என்றது. கம்பி நீளமானால்? வேகம் குறையும் சார்.

அவ்வளவுதான். மக்ரூன் வாங்கப் போன பேக்கரியில்கூடக் கம்பி நீளத்தைப் பற்றிப் பிரசங்கம். வீட்டிலும் அதே. எதையும் காதில் வாங்காத பிலோமி, இதை மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பைனல். முன்ரூம் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று சபதம் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ஷிப்டுக்குப் போன நேரம் லைன்மேன் வந்து போனான். சாயங்காலம் பார்த்தால், பெட்டி குசினியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏளா, இங்கன ஏன் வச்சான்?"

"தெருப்பெட்டிய பின்சந்துலலா வச்சிருக்காவளாம். இங்கனதான் கம்பி நீளம் கம்மி. நீங்கதான சொன்னீய?"

பெண்டாட்டிக்கு விஞ்ஞானம் ஏறிவிட்ட பெருமையில் வில்பிரட்டின் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. முன்ரூமில் போனைப் போட்டுப் பார்த்தார். பழைய வீட்டுச் சுவர், கோட்டைச் சுவர் மாதிரி; சிக்னல் தாண்டி வரமுடியாமல் வட்டம் சுற்றியது. குசினியில் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு குசினிக்குக் குடிபோனார். பைனல் ஆரம்பித்தது. பந்து ஒரு நொடிகூட நிற்கவில்லை. கூடவே மடியில் ஒரு சட்டி சாளையும் கத்தியும் வந்தன.

"கண்ணுக்குத்தான வேலை? கை சும்மாதான இருக்கு."

நியாயமாகத்தான் பட்டது. சீவினார்.

இடைவேளையில் செதிளைக் கொட்டப் பின்சந்துக்குப் போனவருக்கு ஒரு ஆசை. இத்தனை வேகம் தருகிற அந்தத் தெருப்பெட்டியை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும். சந்தில் ஒரு பூனை இருந்தது. பெட்டி இல்லை.

அண்ணாந்தார். குசினி ஜன்னலிலிருந்து புதுக்கம்பி கிளம்பியது. அதன் பின்னாலேயே நடந்தார். பக்கச் சுவர், மாதா படம் ஒட்டிய மூலை, முன்ரூம் ஜன்னல், முன்வாசல் போஸ்ட். போஸ்டில், புத்தம் புதிய தெருப்பெட்டி.

கையில் செதிளோடு அப்படியே நின்றார்.

"பிலோமி, கம்பி முன்ரூமைத் தாண்டிலா வருது."

உள்ளேயிருந்து, சட்டி கழுவுகிற சத்தத்தோடு பதில் வந்தது.

"ஆமா. இம்புட்டுச் சுத்தினா ஸ்பீடு குறையும் அக்கான்னு லைன்மேன் அப்பமே சொன்னான். சாளை ஆயுறதுக்கு இந்த ஸ்பீடு போதும் தம்பின்னுட்டேன்."