சோபாவுக்கு நான்கு பருவம்

சிவப்புச் சோபாவைக் காணவில்லை.

யூட் தெருமுனையில் நின்று, நேற்றுவரை அது கிடந்த இடத்தை வெறித்துப் பார்த்தான். ஒரு கை உடைந்து, பஞ்சு பிதுங்கி, யாரோ ஒரு புண்ணியவான் கோடையில் கொண்டுவந்து போட்ட சோபா. அதை வெயிலில் படம் எடுத்தாகிவிட்டது. பழுத்த இலைகள் மேலே விழுந்தபோதும் எடுத்தாகிவிட்டது. இனி மழையும் பனியும்தான் பாக்கி. அதற்குள் இழவு விழுந்துவிட்டது.

"வீசின சாமானையும் களவெடுக்கிற ஊரோ இது?" என்று வாய்விட்டே கேட்டான்.

முதலாம் மாடி யன்னலில், தலையணை போட்டு முழங்கை ஊன்றி, திருமதி கொவால்ஸ்கி இருந்தாள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் வயதுபோன பெண்களுக்கு யன்னல்தான் தொலைக்காட்சி. தமிழ் விளங்காவிட்டாலும் யூட்டின் முகம் விளங்கியது. "காலையில் நகரசபை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்பாடா, என்ன நாற்றம்!" என்றாள் ஜேர்மன் மொழியில்.

நாற்றமாம். அவளுக்கு என்ன தெரியும் கலையைப் பற்றி?

ஒரு ஆம்பிளை, கலியாணம் கட்டினவன், மருத்துவக் காப்புறுதிக் கந்தோரில் ஒழுங்கான உத்தியோகம் பார்ப்பவன், நாறின சோபாவுக்காக ஏன் கண்கலங்குகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எல்லாம் டுசல்டோர்ப்பில் பிடித்த சனி. நாலு வருடத்துக்கு முன் மனைவி பிளோறன்சுடன் நூடில்ஸ் சூப் குடிக்கப் போனவன், மழைக்கு ஒரு ஜப்பானியப் புத்தகக் கடைக்குள் ஒதுங்கினான். கையில் அகப்பட்டது ஒரு படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கையுறை. தெருவில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை, அடுத்த பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்ததில் இன்னொன்று. யூட் நின்றபடியே கடைசிப் பக்கம்வரை பார்த்தான். பக்கத்துக் கடையில் பிளோறன்ஸ் வாங்கி வைத்த சூப் ஆறிப்போனது.

பிறகென்ன, வீடு நிறையப் புத்தகம். பூட்டின கடைக் கதவுகள் மட்டும் ஒன்றில். பனியில் தனியே நிற்கும் குளிர்பான இயந்திரங்கள் இன்னொன்றில். ரயிலில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் உத்தியோகத்தர்கள் வேறொன்றில். மாதா சுருவத்துக்குப் பக்கத்தில், மற்ற வீடுகளில் பிள்ளைகளின் வெற்றிக் கிண்ணங்கள் நிற்கும் தட்டில், இந்தச் சீதேவிகள்தான் வரிசையாக நின்றன.

ஒருமுறை கொலோனில் இருந்து பிளோறன்சின் அக்கா பிறேமா வந்தவள், கதவுப் புத்தகத்தை எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினாள்.

"ஆக்கள் எங்க?"

"ஆக்கள் இல்லை அக்கா. அதுதான் கலை."

"அப்ப கமராக்காரன் வரேக்க எல்லாரும் சாப்பிடப் போட்டினமோ?"

அன்றிலிருந்து யூட் சொந்தக்காரரோடு கலை பேசுவதில்லை. பேசினால்தானே மரியாதை போகும்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தத் தட்டில், ஜப்பான்காரருக்கு நடுவில், தன் பெயர் போட்ட புத்தகம் ஒன்று நிற்க வேண்டும். டுசல்டோர்ப் கடையின் பின்னறையில் சின்னப் பதிப்பகம் நடத்தும் மக்டலீன் என்ற ஜேர்மன்காரியும் நம்பிக்கை கொடுத்திருந்தாள். "படங்கள் மோசமில்லை. ஆனால் வீசப்பட்ட பொருட்களை எல்லாக் காலநிலையிலும் காட்ட வேண்டும். முக்கியமாக ஒரு சோபா, மழையிலும் பனியிலும். தை முடியுமுன் கொண்டுவந்தால் அச்சடிக்கிறேன்" என்றிருந்தாள். யூட் அதைக் கந்தோரில் சொன்னான், கோயிலில் சொன்னான், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே சொன்னான். இனிப் புத்தகம் வராவிட்டால் ஊர் சிரிக்கும்.

வீட்டுக்கு வந்து பிளோறன்சிடம் புலம்பினான். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தவள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமும் அவள் வாயில் வந்ததெல்லாம் ஒரே பாட்டு: "குப்பைக்கு முன்னால குந்திக்கொண்டிருக்கிறவன்ர மனுசியெண்டு சனம் சொல்லுது. எனக்கு வெளிக்கிடேலாமக் கிடக்கு." அன்று அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"போனாப் போகட்டும்," என்றாள் ஆறுதலாக. "மருந்துக்கடைக்குப் பின்னால ஒரு மெத்தை கிடக்கு. பாத்தனீங்களோ?"

யூட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் அவளுக்கும் ரசனை வந்துவிட்டது!

ஓடிப்போய் மெத்தையை எடுத்தான். எடுத்த படத்தை உடனே கைத்தொலைபேசியில் அவளுக்கு அனுப்பினான். வெறுமனே அல்ல, ஜப்பான் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் இருப்பதுபோல, தெருப் பெயர், வீட்டு இலக்கம், திகதி எல்லாம் கீழே எழுதி. பிளோறன்ஸ் பதிலுக்குத் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். மழை வரட்டும், மறுபடி வந்து எடுக்கலாம் என்று அவன் காத்திருந்தான். மழைக்கு முன் லொறி வந்தது.

"பள்ளிக்கூடத்து மதிலோட ஒரு வோஷிங் மெஷின்," என்றாள் பிளோறன்ஸ்.

எடுத்தான், அனுப்பினான், கட்டைவிரல் வந்தது. மெஷின் போனது.

"கதவில்லாத அலுமாரி ஒண்டு, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில."

அதுவும் போனது. யூட்டின் கமரா பட்ட பொருள் தெருவில் தங்குவதில்லை என்றாகிவிட்டது. கண்ணூறு என்று அவன் நினைத்தான். மூளை இருக்கிறவன் வேறு எதையாவது நினைத்திருப்பான்.

ஐந்தாவதாகப் போனது ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதுதான் வினையாகிவிட்டது. பெரிய சாமான்களை வெளியே வைக்க நகரசபையிடம் முற்கூட்டியே நாள் கேட்டு டெர்மின் எடுக்க வேண்டும்; எங்கள் சனம் அதற்கெல்லாம் மினக்கெடுமோ? தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவசக்தி அண்ணை, பழைய பெட்டியை இரவோடிரவாகக் கடைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். யூட் அதைப் பக்கவாட்டில், நேரே, நிழலோடு என்று வளைத்து வளைத்து எடுத்து, வழக்கம்போல் பிளோறன்சுக்கு அனுப்பினான். அடுத்த கிழமை அண்ணைக்குத் தண்டம் வந்தது. அவர் கடையைப் பூட்டாமலே யூட்டின் வீட்டுக்கு வந்தார்.

"டேய், நீ ஆரின்ர ஆள்?"

"என்னண்ணை?"

"என்ர பிறிட்ஜை நீ படமெடுத்ததை என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். காட்டிக் குடுக்கிற வேலை எப்ப துடங்கினனீ?"

யூட்டுக்கு முகம் வெளுத்தது. எங்கள் சனத்திடம் ஒருவனைக் கள்ளன் என்று சொல்லலாம், குடிகாரன் என்று சொல்லலாம், இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள். காட்டிக் குடுக்கிறவன் என்று சொன்னால் அவன் பேரப்பிள்ளைகளுக்கும் பெண் கிடையாது.

"அண்ணை, அது கலைக்கு எடுத்தது!"

"பிறிட்ஜில என்னடா கலை? உள்ளுக்க சீஸ்கூட இல்லை!"

மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யூட் கமராவோடு வெளிக்கிட்டால் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் வாயை மூடினார்கள். காரை நடைபாதையில் ஏற்றி விட்டிருந்தவர்கள் ஓடிவந்து எடுத்தார்கள். பூச்சாடிகள்கூட உள்ளே போயின. தெரு பளிச்சென்று ஆகிவிட்டது. வருடம் முழுக்கக் குப்பை வழிந்த மூலையில், ஜப்பான்காரன் கையுறைகூட இல்லை.

"அருமையான தெருவாகிவிட்டது, எல்லாம் உன்னால்தான்!" என்று திருமதி கொவால்ஸ்கி யன்னலில் இருந்து கைதட்டினாள். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான்.

சும்மா இருந்திருக்கலாம். யூட் சும்மா இருப்பானோ? தான் கலைஞன் என்று நிரூபிக்க, புத்தகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு சிவசக்தி அண்ணையின் கடைக்குப் போனான். பருப்பு மூட்டைக்கு மேல் பரப்பினான். வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் புரட்டினார். விழுந்து கிடந்த கையுறைகளைப் பார்த்தார். பூட்டின கதவுகளைப் பார்த்தார். தமக்குத் தெரியாமல் படம் எடுக்கப்பட்டு நித்திரை கொள்ளும் மனிதர்களைப் பார்த்தார். அவர் முகம் வரவர இறுகியது.

"இது பொலிஸ்காரன்ர புத்தகமெல்லோ," என்றார் கடைசியில். "தடயம், வீட்டுக் கதவு, ஆள் அடையாளம், எல்லாம் கிடக்கு. ஜப்பானிலயும் உனக்கு ஆக்கள் இருக்கினமோ?"

"ஐயோ அண்ணை!"

"இனி இந்தக் கடைப் படி ஏறாத. உன்ர மனுசி பாவம், அவ வரட்டும். நல்ல பிள்ளை."

நல்ல பிள்ளை அன்று கடையில் வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு போனாள், கூடவே நாலு பேரின் அனுதாபத்தையும்.

தை பிறந்தது. மக்டலீன் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். தெருவில் சோபா இல்லை, கதிரை இல்லை, கால் உடைந்த ஸ்டூல்கூட இல்லை. கடைசியில் யூட் தன் வீட்டு நிலவறைக்கு இறங்கினான். அங்கே, கலியாணத்துக்கு ஒரு மாமா வாங்கித் தந்த பச்சைச் சோபா கிடந்தது. எறியுங்கோ எறியுங்கோ என்று பிளோறன்ஸ் வருடக் கணக்காகக் கத்தியும் அவன் எறியாதது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தனி ஆளாக இழுத்து, இடுப்புப் பிடித்து, சுவரின் பூச்சை உரசி, தெருமுனைக்குக் கொண்டுவந்தான்.

கர்த்தர் பெரியவர், மழை பெய்தது. பச்சை ஊறிக் கறுப்பானது. அவன் வாழ்க்கையில் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான், பொய் சொல்லக்கூடாது. பழக்கத்தில் பிளோறன்சுக்கும் அனுப்பினான், தெருப் பெயர் திகதியோடு. கட்டைவிரல் வந்தது. முதல்முறையாகக் கூடவே ஒரு இதயமும் வந்தது. யூட் நனைந்தபடியே சிரித்தான்.

மறுநாள் பனி என்று வானிலை அறிக்கை சொன்னது. சனிக்கிழமை விடியவே குடையோடு போய்ச் சோபாவுக்குக் காவல் நின்றான். முதல் பனிப்பூக்கள் விழத் தொடங்கிய நேரம், லொறி வந்தது. முன்னால், நகரசபைச் சட்டை போட்ட ஒரு இளம்பெண் இறங்கினாள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. சட்டையில் யாமினி என்று இருந்தது.

"வணக்கம் அண்ணை. உந்தச் சோபா ஆரின்ர?"

யூட் சோபாவைப் பார்த்தான், லொறியைப் பார்த்தான். தெரியாது என்றால் லொறியில் ஏற்றிவிடுவார்கள், புத்தகம் போய்விடும். என்னுடையது என்றால் தண்டம். சிவசக்தி அண்ணை கடை வாசலுக்கு வந்துவிட்டார். மீன் வாங்க வந்த சனமும் வந்துவிட்டது. மேலே யன்னலில் திருமதி கொவால்ஸ்கியின் தலையணை தயாராக இருந்தது.

"என்ர," என்றான் யூட்.

"அப்ப தண்டம் எழுதவேணும் அண்ணை."

"எழுதும் பிள்ளை. ஆனா ஒரு அரை மணித்தியாலம் தாரும். கொஞ்சம் பனி மூடட்டும், பேந்து நானே உள்ள இழுக்கிறன்."

யாமினி லொறிக்காரரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கி, சிகரெட் பற்றவைத்தார். சிவசக்தி அண்ணை பெருங்குரலில் சிரித்தார். "பிடிச்சுக் குடுத்தவனையே பிடிச்சிட்டாங்களடா!"

அப்போதுதான் யூட்டுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு நல்ல பதில் நேரத்துக்கு வந்தது. குடையை மடக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"நல்லா யோசியுங்கோ. காட்டிக் குடுக்கிறவன் நானெண்டா, என்ர சோபாவை நானே காட்டிக் குடுப்பனோ?"

சிவசக்தி அண்ணை தாடையைச் சொறிந்தார். தலையை ஆட்டினார்.

"அதுவும் சரிதான்," என்றார். "டேய் யூட், மன்னிச்சுக்கொள்ளடா. நான் அவசரப்பட்டிட்டன். எந்த நாசமாப் போவானோ, அவன் கையில அகப்படட்டும். படத்தை எடு. எடுத்திட்டு வந்து தேத்தண்ணி குடி."

யூட்டுக்கு அழுகை வந்துவிட்டது. பனி சோபாவின் முதுகில் மெல்ல வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு ஊர் அவனை மனிதனாகப் பார்த்தது, புத்தகமும் கண்ணுக்கு முன்னால் முடிந்துகொண்டிருந்தது. அவன் கமராவைத் தூக்கினான்.

தண்டம் எழுத அவனுடைய அடையாள அட்டையை வாங்கிய யாமினி, விலாசத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். தெருவுக்கே கேட்கச் சொன்னாள்:

"அட, நீங்கள் பிளோறன்ஸ் அக்காவின்ர வீட்டுக்காரரோ? அவ இந்த மாரி முழுக்க எங்களுக்கு அனுப்பின படமெல்லாம் எங்கட கந்தோர்ச் சுவர் நிறைய ஒட்டியிருக்கு அண்ணை. என்ன வடிவா எடுக்கிறா! ஒரு புத்தகமே போடச் சொல்லுங்கோ."