ஆட்டுத்தோல் வானம்

அந்த யோசனை எனக்கு வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உதித்தது. மூடியைத் தூக்கினேன், அடியில் ஒட்டியிருந்த துளிகள் சொட்டின. "இதுதானே மழை!" என்று இடுப்புத் துண்டோடு கூவினேன். (குளிக்க மறந்துபோனது வேறு கதை.)

மறுநாள், நான் புதிதாக வாத்தியாராகச் சேர்ந்திருந்த ஆம்பூர்ப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். "அவர் தலையாட்டினாத்தான் தம்பி ஒனக்கு வேலை நெலைக்கும். புஸ்தகத்தைப் படிச்சுட்டு உக்காரு. வித்தை ஒண்ணும் காட்டாதே," என்றார் ஹெட்மாஸ்டர்.

காட்டினேன்.

அகலச் சட்டியில் வெந்நீர், அதுதான் கடல். மேலே இழுத்துக் கட்ட ஒரு வானம் வேண்டும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஆம்பூர் தோல் கிடங்கில் வேலை. "வானத்துக்கு ஆட்டுத்தோல் போதுமா சார், மாட்டுத்தோல் வேணுமா?" என்று கேட்டான் கன்னியப்பன். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பாதி ஊறிய ஆட்டுத்தோல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அதன் உட்புறத்தில் துணிக்குப் போடும் நீலத்தைப் பூசி, மேகத்துக்குப் பஞ்சு ஒட்டினார்கள்.

சூடு பட்டால் தோல் சுருங்கும் என்பது ஆம்பூரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நான் வாலாஜாபேட்டைக்காரன்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் தலைப்பாகையோடு வந்தார். கொதிநீரை ஊற்றி வானத்தைக் கட்டினேன். "மழை எங்கே?" என்று அவர் குனிந்தார். வானம் ஒரு மாதிரி முனகியது. கயிறு நழுவியது. தோல் சுருண்டு எகிறி, நீலமும் பட்டைச்சாறும் கலந்த மழையைத் தலைப்பாகைமேல் பொழிந்தது.

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனத்துக்குள் பெட்டி கட்டி, ரயிலேறி, அப்பாவிடம் உதையும் வாங்கி முடித்திருந்தேன்.

"இன்னா சார், மழை இப்படி நாறுது?" என்றது பின்வரிசை.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கன்னியப்பனைப் பார்த்தார். "மழை எப்படிடா வருது?"

"கடல் சூடாவுது சார். ஆவி மேல போவுது. மேல சில்லுன்னு ஆயி, தண்ணியாயி வுழுது. நாத்தம் மட்டும் நம்மூர்து சார்."

அவர் வெகுநேரம் தலையை ஆட்டினார். ஒப்புதலா, காதில் போன தண்ணீரா என்று தெரியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன். வேலை நிலைத்தது என்ற உத்தரவு வந்தபிறகுதான் சோறு இறங்கியது.

இன்றும் வானம் இருட்டினால் என் தங்கை கத்துவாள்: "அண்ணே, ஒன் ஆடு மூட்டம் போடுது!"

வருகிற மாதம் இன்ஸ்பெக்டர் மறுபடி வருகிறார். எரிமலை செய்யலாம் என்றிருக்கிறேன். ஹெட்மாஸ்டர் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.