எட்டு கார், ஒரு சாவி

சாவியைத் தரமாட்டேன் என்று சொல்லவும் கூடாது, தரவும் கூடாது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது சர்வேயர் எடுத்த தீர்மானம் இது.

சர்வேயர் என்றதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் நசுங்கிய கார்களை அளக்கிறவர். எங்கேயாவது ஒரு கார் எதிலாவது மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி இவரை அனுப்பும். இவர் போய்க் குனிந்து, டார்ச் அடித்து, தடவிப் பார்த்து, எந்தக் காயம் அந்த மோதலில் பட்டது, எதை வண்டிக்காரர் சந்தடிசாக்கில் சேர்த்துக்கொண்டார் என்று எழுதிக் கொடுப்பார். பத்தொன்பது வருட அனுபவம். சொந்தக் காரில் ஒரு கீறல் கிடையாது. கீறல் விழும் தூரத்துக்கு அதை அவர் கொண்டுபோனதே கிடையாது என்பது மனைவியின் கட்சி.

மனைவி பிசியோதெரபிஸ்ட். பேட்டையில் பாதிப் பேருடைய இடுப்பு அவள் தயவில்தான் வளைகிறது. திங்கட்கிழமை முதல் அவளுக்கு வேறு கிளையில் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதமாகிறது. சர்வேயர் ரயிலில் போகிறவர். கார் கீழே இரண்டு தூண்களுக்கு நடுவே, உறையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. கேட்காமல் இருப்பாளா?

"திங்கட்கிழமையிலேர்ந்து காரை நான் எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா."

"சாவி?"

"ஒரே ஒரு விஷயம்தான். எதிர்ல வர்றவன் எப்படி வருவான்னு உனக்குத் தெரியாதும்மா. ரோட்ல ஓட்டுறவன் எல்லாரும் மனுஷன்னு நினைச்சுக்கிட்டிருக்கே. நான் தினம் பார்க்கிறேன்."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் சர்வேயர் காத்திருந்தார். டி.வி.யைப் போட்டார். சேறு நிறைந்த ஒரு மைதானம். சுற்றிலும் கூட்டம். நடுவே எட்டு கார்கள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு.

மாடி வீட்டுப் பல் டாக்டர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற வீடியோ கேம் பெட்டி அது. கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்குவதுதான் ஆட்டம். கடைசி வரை எந்த வண்டி அசைகிறதோ அது வென்றது. முதல் நாள் அதைப் பார்த்த சர்வேயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் நாள் சும்மா ஒரு இடி இடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் லீவு போட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பகலெல்லாம் அடுத்தவன் இடித்ததற்குக் காரணம் எழுதுகிற மனிதனுக்கு, காரணமே இல்லாமல் இடிப்பது எப்பேர்ப்பட்ட சுகம்! கண்ணாடி சலசலவென்று உதிரும். பானெட் அப்பளம்போல நொறுங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் புத்தம் புதிது. படிவம் இல்லை, போட்டோ இல்லை, "சார், கொஞ்சம் பார்த்து எழுதுங்க" இல்லை. நாற்பது நாளில் ஒரு தடவைகூட அவர் ஜெயிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை. அது ஆட்டத்தைச் செய்தவர்களின் குறை என்பது அவர் கருத்து.

"இதுல எல்லாரும் நொறுங்கின பிறகும் உன் வண்டி நிக்கணும். நின்னா சாவி உன்னுது."

"நீங்களும் ஆடுவீங்களா?"

"உனக்குத் துணையா இருக்க வேண்டாமா?"

"வாக்கு மாறமாட்டீங்களே?"

"என் ரிப்போர்ட்டை எந்தக் கோர்ட்டாவது இதுவரைக்கும் தள்ளியிருக்கா?"

திரையை இரண்டாகப் பிளந்தார். அவளுக்குச் சோப்புப் பெட்டி அளவில் ஒரு காரைக் கொடுத்தார். தனக்கு, லாரிக்கு அண்ணன் போல ஒன்றை எடுத்துக்கொண்டார். அவள் கன்ட்ரோலரைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். சர்வேயர் மனசுக்குள் சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"என்னங்க, வண்டிக்குள்ள ஆளே இல்லையே?"

சர்வேயர் உற்றுப் பார்த்தார். நாற்பது நாளாக அவர் இதைக் கவனிக்கவில்லை. எட்டு காரிலும் சீட் காலி.

"அது... யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்கான்."

"இடிச்சா யாரும் இறங்கி வந்து கத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் இது என்ன ரோடு அனுபவம்? சரி, விதிமுறை எங்க இருக்கு?"

"விதிமுறையா? இடிக்கணும். அவ்வளவுதான்."

அவள் எதையோ அழுத்தினாள். திரை நிறைய எழுத்து வந்தது. அப்படி ஒரு பக்கம் இருப்பதே சர்வேயருக்குத் தெரியாது. அவள் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள்.

"அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரையாவது தொட்டாப் போதுமாம். எப்படித் தொட்டாலும் சரியாம்."

"படிச்சு ஓட்டுற விஷயமா இது? வா, வா."

கொடி இறங்கியது. சர்வேயர் உறுமிக்கொண்டு பாய்ந்து ஒரு பச்சைக் காரின் விலாவில் மோதினார். அற்புதமான மோதல். உடனே வண்டியை நிறுத்தினார். படத்தைச் சுற்றிச் சுழற்றிக் கிட்டத்தில் பார்த்தார்.

"பின்கதவு மாத்தணும். தட்டி எடுக்கவே முடியாது. இந்தப் பக்கம்..."

படார்! நின்றிருந்த அவர் வண்டியை ஒரு சிவப்புக் கார் இடித்துத் தள்ளியது.

"பார்த்தியா அநியாயத்தை? ஒருத்தன் பரிசோதனை பண்ணிட்டிருக்கும்போது!"

"பார்த்துக்கிட்டேன்," என்றாள் மனைவி.

அவள் மைதானத்தின் மூலையில் நின்றாள். அரை நிமிஷம் ஆகப்போகும்போது பின்னால் நகர்ந்து, செத்துக் கிடந்த ஒரு காரைப் பின்பக்கத்தால் லேசாகத் தொட்டுவிட்டு மறுபடி மூலைக்கு வந்தாள்.

"என்னம்மா இது, ரிவர்ஸ்லயே போற?"

"இன்ஜின் முன்னாடிதானே இருக்கு? நெஞ்சைக் கொண்டுபோய் யாராவது இடிப்பாங்களா? முதுகால இடிச்சா என்ன போச்சு?"

ரேடியேட்டர் உடைந்தால் இன்ஜின் போகும் என்று பத்தொன்பது வருடமாக ஆயிரம் ரிப்போர்ட்டில் எழுதிய கை அவருடையது. அவர் வண்டியின் முன்பக்கத்திலிருந்து அந்நேரம் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது.

ஆனாலும் அவர் வண்டி பெரிய வண்டி. மற்ற கார்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. அவர் ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்து, சேதத்தை வாயால் எழுதி, இடையிடையே இடி வாங்கி, கடைசியில் இரண்டே வண்டி மிஞ்சியது. எதிர்மூலையில் சோப்புப் பெட்டி. ஒரு கீறல் இல்லை. வாழ்க்கையில் முதல் வெற்றி, சாவியும் பத்திரம். ஒரே பாய்ச்சல் போதும்.

அவள் முந்திக்கொண்டாள். மெதுவாகப் பின்னால் ஊர்ந்து வந்து, அவர் வண்டியின் பக்கவாட்டில் பூனை உரசுவதுபோல ஒரு உரசு உரசினாள்.

"என்னங்க, இது இப்ப பட்ட கீறலா, முன்னாடியே இருந்ததா?"

இந்தக் கேள்வியை அவரிடம் யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், அவர் நிற்பார். நின்றார். படத்தைத் திருப்பினார். போதாமல் சோபாவிலிருந்து எழுந்து டி.வி.க்கு முன்னால் போய்க் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கொஞ்சம் இரு. பெயின்ட் உரிஞ்சிருக்கிற திசையைப் பாரு. முன்னாலேர்ந்து பின்னால போகுது. அப்படின்னா இது உன்னோடது இல்லை. இது அந்தச் சிவப்பு..."

"நிதானமாப் பாருங்க. அவசரமே இல்லை."

சோப்புப் பெட்டி சாவகாசமாக மைதானத்தின் மறுகோடிக்குப் போயிற்று. அங்கிருந்து, முதுகைக் காட்டியபடி, முழு வேகத்தில் வந்தது.

சர்வேயரின் மூக்குக்கு நேரே லாரியின் அண்ணன் தீப்பிடித்து எரிந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் பேயறைந்தவர்போலத் திரும்பினார். அவள் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"இது செல்லாது! நின்ன வண்டியில இடிச்சா தப்பு இடிச்சவங்க மேல!"

"தப்பு என் மேலதான். எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடுறேன். புதுக் கிளைவரைக்கும் இன்னிக்கே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். சாவி?"

கோர்ட் தள்ளாத வாக்கு. சாவி கை மாறியது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடுவதற்குள் உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தூண்களுக்கு நடுவிலிருந்து காரை வெளியே எடுக்க அவருக்கு ஆறு முறை முன்னும் பின்னும் போயாக வேண்டும். அவள் ஒரே வீச்சில் பின்னால் எடுத்து வளைத்து, கேட்டுக்கு நேராக நிறுத்தியிருந்தாள். இரண்டு பக்கமும் அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி.

"நானும் வர்றேன். நீ தனியாப் போனா சரிவராது. முன்னாடி உட்கார்ந்து வழி சொல்றேன்."

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வழி எனக்குத் தெரியும். முன்சீட்ல கைப்பை இருக்கு."

சர்வேயர் பின்கதவைத் திறந்தார்.