பேண்ட் போட்டால்தான் திறக்கும் புத்தகம்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு புத்தகம் வாங்கவேண்டும்.

கம்பத்தில் பிரவுசிங் சென்டர் வந்திருந்த காலம். லீவில் வந்த மருமகன் ஒரு துப்பறியும் கதையின் முதல் அத்தியாயத்தை அச்செடுத்து வந்தார். மேகமலை எஸ்டேட் மேனேஜர் பிணமாகக் கிடக்கிறார். மிச்சம் வேண்டுமென்றால் எழுதினவரிடமே நேரடியாக வாங்கவேண்டும். மெயிலில் வருமாம். கடையில் கிடையாது.

டீக்கடையில் நான்தான் வாயை விட்டேன். "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொலைகாரன் யாருன்னு சொல்றேன். இல்லைன்னா இந்த மீசையை எடுத்துர்றேன்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகல்ல?" என்றான் மச்சினன் சுருளி. அவனுக்கு என் மீசைமேல் முப்பது வருஷமாகக் கண்.

மறுநாள் மதியம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். அதை நடத்துகிற செல்வி, மெயிலில் வந்திருந்த புத்தகத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரை முழுக்கத் தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்து, வால் முளைத்த எழுத்து. மருந்தடித்த திராட்சைக் கொடியிலிருந்து உதிர்ந்த பூச்சி மாதிரி! ஒரு தமிழ் எழுத்து இல்லை.

வெளியே வந்து, அச்செடுத்த தாளில் இருந்த நம்பரைப் பார்த்து எழுத்தாளருக்கு செல்போனில் பேசினேன். கோயம்புத்தூர்க்காரர். லைன் கரகரவென்று இருந்தது.

"தம்பி, புத்தகம் வந்துருச்சு. ஒண்ணும் புரியலயே!"

"பேண்ட் போட்டீங்களா சார்?"

குனிந்து வேட்டியைப் பார்த்தேன். "இல்ல தம்பி."

"அதானே! பேண்ட் இல்லாம என் புத்தகம் தெரியாது சார். வாங்கற எல்லாருக்கும் இதே பிரச்சினைதான்."

எல்லாருக்குமா!

"என் பேண்டையே அனுப்பட்டுங்களா?"

எப்பேர்ப்பட்ட மனுஷன்! "வேணாம் தம்பி, இங்கனயே வாங்கிக்கிறேன். சைஸ் மட்டும் சொல்லுங்க."

"பன்னெண்டு போதும். கண்ணு மங்கல்னா பதினாலு வெச்சுக்கோங்க."

என் இடுப்பு முப்பத்தெட்டு. பன்னிரண்டில் என் முழங்கை வேண்டுமானால் நுழையும். அதுவும், கண் மங்கினால் இடுப்பு எதற்குப் பெருக்கவேண்டும்?

ஆனால் மீசை இருக்கிறதே!

வீட்டுக் கொடியில் மருமகனின் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு. படுத்துக்கொண்டு மாட்டினேன். மூச்சை உள்ளே இழுத்தவன், பிரவுசிங் சென்டர் வரைக்கும் வெளியே விடவில்லை.

உட்கார்ந்தேன். அதே பூச்சிகள்.

திரைக்கு மேலே சின்னதாக ஒரு கேமரா. ஓஹோ, அதற்குத் தெரியவேண்டுமோ? எழுந்து நின்றேன். ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினேன்.

செல்வி ஓடி வந்தாள். "தாத்தா, என்ன பண்றீக?"

"பேண்ட் போட்டாத்தான் தெரியும்னு எழுதுனவுகளே சொன்னாக ஆத்தா. இன்னும் தெரியலயே!"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியோடு சாய்ந்தாள்.

"அது பேண்ட் இல்ல தாத்தா, ஃபாண்ட்! தமிழ் எழுத்து! நீங்க போட வேணாம், கம்ப்யூட்டருக்குத்தான் போடணும்!"

சிரித்து முடித்து அதைப் போட உட்கார்ந்தாள். கரண்ட் போய்விட்டது.

மணி ஐந்து. வேட்டி மாற்ற நேரமில்லை. டீக்கடைக்குப் போனேன். சுருளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சவரக் கத்தி.

மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டர்ர்ர்!

டீக்கடையே திரும்பியது.

"மாமா! இது யாரு பேண்ட்டு?"

வேறு வழியில்லாமல், என் வாழ்நாளில் முதல் தடவையாக, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பன்னெண்டு, பதினாலு, கேமரா முன்னால் சுற்றினது எல்லாம்.

சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "யோவ் மாமா, நீரு இதுவரைக்கும் விட்ட புளுகுலயே இதான்யா பெருசு!"

யாரும் நம்பவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் மேனேஜரையும் மீசையையும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் புத்தகத்தை வேட்டியோடுதான் படித்தேன். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.