மொட்டை மாடிக் கணப்பு

சிதம்பரத்தில் குளிர் என்று யாராவது சொன்னால் ஊட்டிக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. மார்கழிப் பனியைச் சாக்காக வைத்து, மொட்டை மாடியில் குளிர்காய இரும்பில் ஒரு விறகுக் கணப்பு வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டார்.

உண்மையான காரணம் பனி இல்லை, ஹால். சாயங்காலமானால் மனைவி பவானியின் மகளிர் குழு அங்கே கூடிவிடும். அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ரிட்டையரான மனுஷனுக்கு, சிநேகிதர் கண்ணாயிரத்தோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வீட்டில் இடமில்லை. மாடியில் நெருப்பு, பக்கத்தில் இரண்டே நாற்காலி. அதுதான் திட்டம்.

கடலூரில், ரிசார்ட்டுகளுக்கு இரும்புச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறைக்குக் கிளம்பியபோது பவானியும் ஒட்டிக்கொண்டாள்.

கலியமூர்த்தி சின்னதாக ஒன்றைக் காட்டினார். “இது போதும். ரெண்டு பேரு குளிர் காயலாம்.”

“என்னா மாமா, சாம்பிராணி போடவா வாங்குறோம்? அந்தப் பெருச பாருங்க.”

“அத மேய்க்கவே தனியா ஒரு ஆளு வேணும்.”

“எத்தாம்பெரிய பாய்லர பாத்தவரு நீங்க! இந்தத் துக்கினியூண்டு டப்பாகிட்ட உக்காந்தா ஊரு சிரிக்காது?”

பட்டறைக்காரர் நிமிர்ந்தார். “சார் பாய்லர் ஆளா?”

போதாதா? கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. புகைபோக்கியைத் தட்டினார். காற்றுத் திறப்பை இழுத்துப் பார்த்தார். “இத எல்லாராலயும் எரிக்க முடியாது சார். புகையில்லாம எரிய விடணும்னா கை பழகியிருக்கணும்” என்று செய்தவருக்கே பாடம் எடுத்தார். பவானி ஒரு வார்த்தை விடாமல் கேட்டு மனசில் போட்டுக்கொண்டாள். பெரியதே வண்டியேறியது.

மறுநாள் சாயங்காலம் நெருப்பு ஜம்மென்று பிடித்தது. நாற்காலி எடுக்கக் கீழே இறங்கினால், நாற்காலிகள் எதிரே படியேறி வந்துகொண்டிருந்தன. தூக்கி வந்தது மகளிர் குழு.

“பவானி, என்னா இது?”

“பெருசுதான மாமா, எட்டு பேரு தாராளமா உக்காரலாம்.”

“அப்ப நான் ஹாலுக்குப் போறேன்.”

“நீங்க போயிட்டா நெருப்ப யாரு பாக்குறது? எல்லாராலயும் முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

குழுத் தலைவி ரத்தினம்மாள் கையை நீட்டிக் காய்ந்தாள். “துளி புகை இல்லியே! அண்ணன் கைராசி!”

சும்மா சொல்லக்கூடாது, கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. கலியமூர்த்தி இன்னொரு கட்டையைச் செருகினார். கண்ணாயிரம் வரட்டும். ஆம்பிளை இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் ஒரு நாற்காலியாவது கிடைக்காதா?

கண்ணாயிரம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“வாங்கண்ணே!” என்றாள் பவானி, வாயெல்லாம் பல்லாக. “நல்ல நேரத்துல வந்தீங்க. அப்படியே கீழ போயி ரெண்டு கட்டை தூக்கியாந்துடுங்க.”