எட்டுத் தையல் பையும் பதினாலு வளைவும்

இரண்டு நாள் பயணத்துக்கு மோட்டார் சைக்கிளில் எந்தப் பையைக் கட்டலாம் என்று கைபேசியில் பாடம் நடத்துகிறவர்கள் மீது எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. பதினோரு வீடியோ பார்த்தேன். பதினோரு பேருக்கும் தாடி இருந்தது. ஒருவன் வண்டியிலும் பின்சீட்டில் ஆள் இல்லை. மழை தாங்குமா, தூசி தாங்குமா என்று மணிக்கணக்கில் பேசினார்களே, ஒருவனாவது "வீட்டம்மா காலை எங்கே வைப்பார்?" என்று கேட்டானா? கேட்டிருந்தால், இன்று என் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காபி குடிக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. (இளரத்தம்.) ரிட்டயர்மென்ட் பணத்தில் கனமான வண்டி ஒன்று வாங்கி, வேலூர் பாகாயத்தில் எங்கள் வீட்டு வாசலில் துடைத்துத் துடைத்து நிறுத்தியிருந்தேன். என் மனைவி அம்சவேணிக்கு அடுத்த மாதம் முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கத்திக்கு முன்னாடி ஒரு வாட்டி, உங்க பின்னாடி உக்காந்து ஏலகிரி ஏறிடணுங்க. பதினாலு வளைவும்."

"தாராளமாப் போலாம். முதல்ல பை பார்க்கணும்" என்றேன். அங்கே ஆரம்பித்தது சனியன்.

வேலூரிலேயே ஒரு கடைக்குப் போனேன். "அங்கிள், எத்தனை லிட்டர் பை வேணும்?" என்றான் பையன். லிட்டரா! நான் என்ன பால் வாங்கவா வந்தேன்? அவன் காட்டிய நைலான் பையைத் திருப்பி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினேன். நாலு.

"இது பையா, கொசுவலையா?"

"லைட் வெயிட், அங்கிள்."

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவனிடம் இந்தப் பேச்சு. ஒரு தையல் தாண்டியிருந்தால் ஜோடியையே தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டவன் நான். தோல் ஊரில் பிறந்தவன் பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவதா? நேராக ஆம்பூருக்குப் போனேன். நல்ல எருமைத் தோலில், அங்குலத்துக்கு எட்டுத் தையலில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பை தைக்கக் கொடுத்தேன். சக்கரத்தை அளந்தேன், சைலன்சரை அளந்தேன், இண்டிகேட்டரைக்கூட மூன்று தரம் அளந்தேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. அதன்மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் என் மண்டையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

புறப்படுகிற அன்று விடிகாலை. பைகளில் ஸ்வெட்டர், வெந்நீர்ப் பை, மாத்திரை எல்லாம் எண்ணி வைத்துப் பன்னிரண்டு தோல் வாரையும் இறுக்கிவிட்டேன். அம்சவேணி, ஜவுளிக்கடைக்காரன் கொடுத்த துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"ஏங்க, கால எங்க வெக்கிறது?"

"ஃபுட்ரெஸ்ட்ல வை."

"அது மேலதான் உங்க மூட்டை உக்காந்துனு இருக்குதே!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவளுடைய முட்டி மடங்க வேண்டிய இடத்தில், மாசில்லாத எருமைத் தோல் புடைத்துக்கொண்டு நின்றது. அப்போதாவது கழற்றினேனா? இல்லை. தோல்காரனின் அசட்டு நம்பிக்கை எனக்கு. புதுச் செருப்பு முதல் நாள் கடிக்கும், அப்புறம் காலுக்கு ஏற்றபடி இளகும் இல்லையா?

"தோல் இளகிக் கொடுக்கும், அம்சா. பள்ளிகொண்டா போறதுக்குள்ள பழகிடும்."

தோல் இளகவில்லை. பள்ளிகொண்டா டீக்கடையில் நிறுத்தியபோது அவளால் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. டீக்கடைக்காரரும் நானும் சேர்ந்து பீரோவை இறக்குவது போல இறக்கினோம். டீ குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பைய கழட்டி இவராண்ட குடுத்துட்டு வாங்க. நாளைக்கு வாங்கிக்கலாம். என்னாண்ட ஒரு பை கீது, போதும்."

"அதுக்கென்ன சார், வெச்சுட்டுப் போங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எவ்வளவு சுலபம்! ஆனால் அந்த அறிவுகெட்ட மனிதன் (வேறு யார், நான்தான்) சொன்னது இது: "எட்டுத் தையல் பை. டீக்கடையில போடுறதா?"

அம்சவேணி என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். "அப்ப அதையே கூட்டினு போங்க" என்று சொல்லி, அந்தப் பக்கமாக வந்த வாணியம்பாடி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, நொண்டிக்கொண்டே ஏறிவிட்டாள்.

வாணியம்பாடியில் நான் கெஞ்சியதையும் கேட்கவில்லை. ஏலகிரி பஸ் மாறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். நான் அந்தப் பஸ்ஸின் புகையைக் குடித்தபடி பின்னாலேயே போனேன். முதல் வளைவில் பஸ் திரும்பியதும் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. "ஒண்ணு!" அடுத்த வளைவில் "ரெண்டு!" ஐந்தாவது வளைவில் இரண்டு குரல் கூடச் சேர்ந்தது. பத்தாவதற்கு முழு பஸ்ஸும் தலையை வெளியே நீட்டி எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. இத்தனைக்கும் நடுவே மழை வேறு. "பதினாலு!" என்று கூவி, கைதட்டி விசில் அடித்தார்கள். முப்பத்தோரு வருஷம் எண்ணிப் பிழைத்தவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

மேலே போய்ச் சேர்ந்ததும், பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் நேராக வந்து பையைத் தட்டிப் பார்த்தார்.

"இவங்கதானா சார் மூத்தவங்க?"

"என்னய்யா சொல்ற?"

"ரெண்டாவது அம்மா சொன்னாங்க. மூத்த சம்சாரத்தை வண்டியில ஏத்தினு, அவங்களை பஸ்ல அனுப்பிட்டீங்களாமே!"

பஸ் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். விடுதி அறையில் போய்ப் பையைத் திறந்தால், எட்டுத் தையலையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போயிருந்தது. என் நாலு சட்டையும் தோலின் சாயம் ஏறி ஒரே பழுப்பு. அவளுடைய துணிப்பை மட்டும் பஸ்ஸில் வந்ததால் காய்ந்து கிடந்தது.

மலை இறங்கும்போதாவது என் பின்னால் உட்காரச் சொன்னேன். வீங்கிய முட்டியைக் காட்டினாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் ஆபரேஷன் நடந்தது. அந்தப் பின்சீட்டில் அவள் மறுபடி ஏறவே இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், முட்டிக்கு அடியில் அமுங்காத பொருள் எதையாவது வைக்கச் சொன்னாள். தலையணை அமுங்கியது. என் மகள் ஓடிப்போய் அந்தத் தோல் பை ஒன்றில் பழைய போர்வையைத் திணித்துக் கொண்டுவந்தாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தித் தொலைத்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், வீட்டில் விருந்தாளிகள் இருந்தாலும் சரி, உள்ளிருந்து சத்தம் வரும்: "மூத்தவளை இட்டுனு வாங்க!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தூக்கிப் போவேன். காலைப் பத்துத் தரம் தூக்கினால் போதும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். அம்சவேணி கேட்பதாயில்லை. பதினாலு. நான்தான் சத்தமாக எண்ண வேண்டும். பதினாலாவதில் காலை நீட்டி அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பாள்:

"மலை வந்துட்டுதா?"

"வந்துட்டுது, இறக்கு" என்று நான் சொல்லும்வரை இறக்க மாட்டாள்.